பென்னி ஸ்டாக் நிர்வாகத்தின் மேல் சந்தேகமா? சின்ன ஷேர்ஹோல்டருக்கான முழு வழிகாட்டி

காலை 9.15. ஆப்பைத் திறக்கிறீர்கள். விற்பவர் வரிசையில் 41 லட்சம் ஷேர் நிற்கிறது, வாங்குபவர் வரிசையில் சைபர். நேற்றும் இப்படித்தான். உங்கள் ஆர்டர் வரிசையின் கடைசியில் எங்கேயோ கிடக்கிறது. தினம் 5 சதவீத லோயர் சர்க்யூட் (ஒரு நாளில் விலை அதற்கு மேல் இறங்க முடியாத எல்லை) என்று 20 நாள் தொடர்ந்தால் 100 ரூபாய் ஷேர் சுமார் 36 ரூபாய்க்கு வந்து நிற்கும். அந்த 20 நாளில் ஒரு ஷேர்கூட விற்காமலே அந்த நஷ்டம் உங்களுடையதாகிவிடும்.

இந்த நிலையில் டெலிகிராம் குரூப்பில் இரண்டு கட்சி உருவாகும். "புரமோட்டர் திருடன்" என்று ஒன்று (புரமோட்டர் என்றால் கம்பெனியைத் தொடங்கி அதைக் கையில் வைத்திருப்பவர்), "பயந்தவன் விற்கிறான், நான் ஆவரேஜ் பண்றேன்" என்று இன்னொன்று (அதாவது இறங்கிய விலையில் இன்னும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பது). இரண்டு பேரும் ஆண்டறிக்கையைத் திறந்திருக்க மாட்டார்கள். நானும் ஒருகாலத்தில் இரண்டாம் கட்சியில் இருந்தவன்தான். அதில் போன பணத்துக்கு நான் வாங்கிய பாடங்கள்தான் கீழே இருப்பவை. இந்தியப் பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனிகளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

படி 1: கோபம் எதன் மேல் என்று பிரியுங்கள்

விலை இறங்கியது ஒரு விஷயம், நிர்வாகம் ஏமாற்றியது வேறு விஷயம். நல்ல கம்பெனியின் ஷேரும் இறங்கும். ஒரு கம்பெனியைச் சூதாட்ட கும்பல் ஏற்றி இறக்கியிருக்கலாம், நிர்வாகத்துக்கு அதில் பங்கு இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். 2023 மார்ச்சில் சாதனா பிராட்காஸ்ட் என்ற கம்பெனியின் விவகாரத்தில், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி போட்ட இடைக்கால உத்தரவைப் படித்தால் இது விளங்கும். யூடியூபில் பொய்ச் செய்தியோடு வீடியோக்கள் வந்தன, அதானி குழுமம் இந்தக் கம்பெனியை வாங்கப்போகிறது என்பதுவரை சொன்னார்கள். விலை ஏறியது. இரண்டாயிரத்துச் சொச்சமாக இருந்த சின்ன ஷேர்ஹோல்டர்களின் எண்ணிக்கை சில மாதங்களில் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. அவர்கள் வாங்கியபோது, கையில் ஏற்கெனவே சரக்கு வைத்திருந்தவர்கள் விற்றார்கள்.

இன்னொன்று. மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் ஷேரைத்தான் பென்னி ஸ்டாக் என்கிறோம், ஆனால் இந்தியாவில் அதற்குச் சட்டத்தில் விளக்கம் கிடையாது. விலை குறைவாக இருப்பதே குற்றமில்லை. 3 ரூபாய் 53 காசில் கிடந்த எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் 2024 அக்டோபர் 29 அன்று சிறப்பு ஏலத்தில் 2,36,250 ரூபாய்க்குப் போனது. காரணம் மாயமில்லை, அதன் கையில் ஏஷியன் பெயின்ட்ஸ் ஷேர்கள் குவிந்திருந்தன. ஆனால் உங்கள் கம்பெனி அடுத்த எல்சிட் என்று யாராவது சொன்னால், அதன் கையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

படி 2: காகிதத்தைச் சேருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பிஎஸ்இ அல்லது என்எஸ்இ பங்குச்சந்தையின் தளத்தில் கம்பெனியின் பக்கத்துக்குப் போய் கடைசி ஐந்து ஆண்டறிக்கை, எட்டு காலாண்டு ரிசல்ட், எட்டு ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன் (யாரிடம் எத்தனை சதவீத ஷேர் என்ற பட்டியல்), எல்லா அறிவிப்புகள் ஆகியவற்றை இறக்கிக்கொள்ளுங்கள். காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் ரிசல்ட் வர வேண்டும், ஆண்டு ரிசல்ட் 60 நாளுக்குள், ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன் 21 நாளுக்குள். எத்தனை முறை தாமதித்தார்கள் என்பதையும் குறித்துவையுங்கள். கெடுவைத் தொடர்ந்து தவறவிடும் கம்பெனியை, விதியை மதிக்காத கம்பெனிகளுக்கான இசட் குரூப்புக்குப் பிஎஸ்இ தள்ளும்.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் 100 ரூபாய் கட்டினால் ஒரு கம்பெனியின் பொது ஆவணங்களை மூன்று மணி நேரம் பார்க்கலாம். கம்பெனி யாரிடம் எந்தச் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறது, டைரக்டர்கள் வேறு எந்தக் கம்பெனிகளில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். ஒரே மூன்று பேர் 14 கம்பெனியில் டைரக்டராக இருந்தால் அந்த 14 பெயரையும் எழுதிவையுங்கள். அடுத்த படியில் தேவைப்படும்.

முடிந்தால் பதிவு அலுவலகத்தை நேரில் போய்ப் பாருங்கள். நான் வைத்திருந்த ஒரு கம்பெனியின் முகவரி சென்னை பாரிமுனைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இரண்டாவது மாடி. படிக்கட்டுச் சுவரில் ஒரு தகரப் பலகை, அதில் பதினோரு கம்பெனிப் பெயர், என்னுடையது ஏழாவது. உள்ளே ஒரு மேஜை, ஒரு வாட்டர் கேன், போன வருடத்துக் காலண்டர். உட்கார்ந்திருந்த பையனிடம் "சார் இருக்காரா தம்பி?" என்றேன். "எந்த சார்ண்ணே?" என்று கேட்டான். ஆண்டறிக்கையில் அந்தக் கம்பெனிக்கு 60 கோடி விற்பனை.

படி 3: பணம் எங்கே போனது?

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். லாபக் கணக்கை நம்பாதீர்கள், அதைப் பேனாவால் எழுதிவிடலாம். ரொக்க ஓட்ட அறிக்கையையும் இருப்புநிலைக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காலாண்டு ரிசல்ட்டில் இவற்றை அரையாண்டுக்கு ஒருமுறை தந்தால் போதும் என்பது விதி, எனவே செப்டம்பர், மார்ச் ரிசல்ட்டுகளை எடுங்கள்.

முதலில் ஐந்து வருட நிகர லாபத்தைக் கூட்டுங்கள். அடுத்து ஐந்து வருடத்தில் தொழிலிலிருந்து கைக்கு வந்த ரொக்கத்தைக் கூட்டுங்கள். லாபம் 30 கோடி, ரொக்கம் மைனஸ் 4 கோடி என்றால், அந்த 34 கோடி எங்கேயோ உட்கார்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு இடத்தில் இருக்கும்: வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி, அல்லது "கடன்கள் மற்றும் முன்பணங்கள்" என்ற வரி.

2021-22 நிதியாண்டிலிருந்து வரவேண்டிய பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. ஆறு மாதத்துக்குள், ஒரு வருடத்துக்குள், இரண்டு, மூன்று, மூன்றுக்கு மேல் என்று அட்டவணை இருக்கும். போன வருடம் ஒன்று முதல் இரண்டு வருடக் கட்டத்தில் இருந்த 9 கோடி, இந்த வருடம் இரண்டு முதல் மூன்று வருடக் கட்டத்துக்கு அப்படியே நகர்ந்திருந்தால், ஒரு பைசா வசூலாகவில்லை என்று அர்த்தம். அந்தத் தொகைக்கு நஷ்ட ஒதுக்கீடு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். செய்யவில்லை என்றால் அந்த லாபம் காகித லாபம்.

முன்பணம் இன்னும் மோசம். "சப்ளையருக்கு அட்வான்ஸ் 22 கோடி" என்று இருக்கும், சப்ளையரின் பெயர் இருக்காது. தொடர்புடைய தரப்பு பரிவர்த்தனைக் குறிப்புக்கு (நிர்வாகத்தின் சொந்தக்காரர்களோடும் அவர்களின் கம்பெனிகளோடும் நடந்த கொடுக்கல் வாங்கல்) போங்கள். படி 2இல் எழுதிவைத்த 14 பெயரில் ஏதாவது அங்கே இருக்கிறதா? சட்டப்படி சொந்தக்காரக் கம்பெனி என்றால் காட்டியாக வேண்டும். காட்டாமல் இருப்பதற்கென்றே டிரைவர் பெயரிலும் மைத்துனர் நண்பர் பெயரிலும் கம்பெனி வைப்பவர்கள் உண்டு. அதை எம்சிஏ முகவரிப் பொருத்தம்தான் காட்டிக்கொடுக்கும், ஒரே சந்து, ஒரே மாடி.

பிறகு சின்னச் சின்ன வரிகள். 60 கோடி விற்கும் தொழிற்சாலைக்கு மின்சாரச் செலவு எவ்வளவு? சம்பளம் எவ்வளவு? மொத்தச் சம்பளமே 14 லட்சம் என்றால் அந்தத் தொழிற்சாலையை யார் ஓட்டுகிறார்கள்? லாபம் 8 கோடி என்றால் ரொக்க ஓட்ட அறிக்கையில் கட்டிய வருமான வரி எவ்வளவு? பொய் லாபத்துக்கு உண்மை வரி கட்ட யாருக்கும் மனசு வராது.

வங்கி இருப்பையும் விடாதீர்கள். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7இல் எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டதில் பெரும்பகுதி, கணக்கில் காட்டிய ஆனால் வங்கியில் இல்லாத பணம்தான். அவ்வளவு பெரிய கம்பெனியிலேயே அது நடந்தது. 50 கோடி டெபாசிட் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு அதற்கு வட்டி வருமானமாக 40 லட்சம் காட்டினால், கணக்கு உதைக்கிறது.

படி 4: ஆடிட்டர்

ஆடிட்டர் அறிக்கையில் "ஆட்சேபத்தோடு கூடிய கருத்து" (Qualified Opinion), "கருத்துக் கூற மறுப்பு" (Disclaimer of Opinion), "தொடர்ந்து இயங்கும் திறன் குறித்த ஐயம்" (Going Concern) ஆகிய சொற்களைத் தேடுங்கள். கூடவே காரோ 2020 (CARO, ஆடிட்டர் கட்டாயம் பதில் சொல்ல வேண்டிய விஷயங்களின் பட்டியல்) என்ற இணைப்பு இருக்கும். அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, திரட்டிய பணத்தை வேறு எதற்காவது திருப்பினார்களா, முந்தைய ஆடிட்டர் நடுவில் விலகியிருந்தால் அவர் எழுப்பிய ஆட்சேபங்களைக் கவனித்தார்களா என்பதையெல்லாம் அதில் சொல்லியாக வேண்டும். கம்பெனியின் பளபளப்பான முன்னுரையை விட்டுவிட்டு இந்த நாலு பக்கத்தைப் படித்தால் போதும்.

அறிக்கையின் அடியில் யுடிஐஎன் என்ற 18 இலக்க எண் இருக்கும். சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் கழகத்தின் தளத்தில் அதைத் தட்டினால் ஆவணம் உண்மையா என்று தெரியும். ஐந்து நிமிட வேலை. வருடத்தின் நடுவில் "வேலைப்பளு" என்று சொல்லி ஆடிட்டர் விலகினால், இரண்டு வருடத்தில் இது இரண்டாவது முறையா என்று பாருங்கள்.

படி 5: புது ஷேர் யாருக்குப் போகிறது

பென்னி ஸ்டாக்கில் சின்ன ஷேர்ஹோல்டரின் பாக்கெட்டை அறுக்கும் கத்தி பெரும்பாலும் இதுதான், அதுவும் முழுக்கச் சட்டப்படி. மாற்றத்தக்க வாரண்ட் (இன்று குறித்த விலையில் பின்னால் ஷேர் வாங்கிக்கொள்ளும் உரிமை) எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். விலை 6 ரூபாய் இருக்கும்போது வேண்டப்பட்ட பத்துப் பேருக்கு 6 ரூபாய்க்கு வாரண்ட் கொடுக்கிறார்கள். அவர்கள் இப்போது கட்ட வேண்டியது 25 சதவீதம், அதாவது 1.50. மீதியைக் கட்ட 18 மாதம் அவகாசம். அந்த 18 மாதத்தில் "500 கோடி வெளிநாட்டு ஆர்டர்", "பசுமை ஆற்றலில் நுழைகிறோம்", "செயற்கை நுண்ணறிவு" என்று அறிவிப்புகள் வரும். விலை 20 ஆனால் 4.50 கட்டி ஷேர் ஆக்கிக்கொள்வார்கள். ஆகவில்லை என்றால் 1.50ஐ விட்டுவிடுவார்கள். புரமோட்டர் அல்லாதவருக்குப் பூட்டுக் காலம், அதாவது அந்த ஷேரை விற்கக் கூடாத காலம், ஆறு மாதம்தான். அது முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, அதையொட்டி என்ன நல்ல செய்தி வருகிறது என்று கவனியுங்கள்.

ஷேர்ஹோல்டிங் பேட்டர்னை வரிசையாக வைத்தால் படம் தெளிவாகும். புரமோட்டர் பங்கு 48 சதவீதத்திலிருந்து 31, 31இலிருந்து 12. பொது ஷேர்ஹோல்டர் எண்ணிக்கை நாலாயிரத்திலிருந்து எழுபதாயிரம். வேறு ஆதாரமே வேண்டாம் எனக்கு. கம்பெனியின் எதிர்காலத்தை நன்கு அறிந்தவர் அதை உங்களிடம் விற்றுக்கொண்டிருக்கிறார்.

ஆர்டர் அறிவிப்பு வந்தால் யார் கொடுத்தது, எத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும், புரமோட்டருக்கு அந்தத் தரப்பில் தொடர்பு உண்டா என்பதெல்லாம் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் கேள்வி. பெயர் மாற்றத்துக்கும் விதி இருக்கிறது: புதுத் தொழிலைக் குறிக்கும் பெயர் வைக்க, முந்தைய ஒரு வருட வருவாயில் பாதியாவது அந்தத் தொழிலிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது கம்பெனியின் சொத்தில் பாதியாவது அந்தத் தொழிலில் போட்டிருக்க வேண்டும்.

படி 6: கடிதம்

இதுவரை சேர்த்ததில் ஐந்து கேள்விக்கு மேல் எழுதாதீர்கள். கம்பெனி செக்ரட்டரிக்கு மின்னஞ்சல், கூடவே பதிவுத் தபால். ஃபோலியோ அல்லது டிமேட் எண்ணைக் குறிப்பிடுங்கள். வசை வேண்டாம். "2023-24 ஆண்டறிக்கை, குறிப்பு 11, சப்ளையர் முன்பணம் 22 கோடி. இதைப் பெற்றவர் யார், எந்தத் தேதிக்குள் பொருள் வர வேண்டும், இன்றுவரை எவ்வளவு வந்தது?" இப்படி. பக்கம், குறிப்பு எண், தொகை மூன்றும் இருக்கும் கேள்விக்கு மழுப்புவது கஷ்டம். மழுப்பினாலும் அந்த மழுப்பல் உங்களுக்கு எழுத்தில் கிடைக்கும்.

பதில் வராது என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த எந்த வாசலுக்குப் போனாலும் "முதலில் கம்பெனியைக் கேட்டீர்களா?" என்பார்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். பொதுக்கூட்ட மினிட்ஸ் (நடந்ததைப் பதிவு செய்யும்) புத்தகத்தை அலுவலக நேரத்தில் இலவசமாகப் பார்க்கவும், பக்கத்துக்கு 10 ரூபாய்க்கு மிகாமல் கட்டி ஏழு வேலை நாளுக்குள் நகல் வாங்கவும் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 119ஆம் பிரிவு உரிமை தருகிறது. கேளுங்கள். உறுப்பினர் பதிவேட்டையும் பார்க்கலாம், ஆனால் முகவரி, மின்னஞ்சல், பான் எண் காட்டமாட்டார்கள்.

படி 7: ஏஜிஎம் (வருடாந்தரப் பொதுக்கூட்டம்), ஓட்டு

நோட்டீஸ் 21 நாள் முன்னால் வரும். அதில் "பேச்சாளராகப் பதிவு" என்று ஒரு பத்தி இருக்கும், கெடு தேதியோடு. அதைத் தவறவிட்டால் வாய் திறக்க முடியாது. வீடியோ கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். முன்னால் பேசுபவர்கள் "கம்பெனி செக்ரட்டரி போனில் அன்பாகப் பேசினார், ஆண்டறிக்கை பகவத் கீதை மாதிரி இருக்கிறது" என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். நான் ஒருமுறை முன்பணம் பற்றி ஆரம்பித்ததும் "சார், உங்க வாய்ஸ் வரல" என்றார்கள். அதுவரை நன்றாக வந்துகொண்டிருந்தது. அதனால் கேள்வியை முன்கூட்டியே மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டு, "இன்ன தேதியில் அனுப்பியிருக்கிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

மின்னணு ஓட்டு கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடும். நம் டிமேட் ஷேர்களை வைத்திருக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் தளத்தில் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் தனித்தனியாக ஓட்டுப் போடலாம். தோற்போம் என்று தெரிந்தாலும் போடுங்கள், காரணம் இருக்கிறது. இரண்டு வேலை நாளுக்குள் வரும் முடிவில் புரமோட்டர் ஓட்டு தனியாக, பொதுமக்கள் ஓட்டு தனியாக இருக்கும். பொதுமக்களில் 80 சதவீதம் எதிர்த்தும் தீர்மானம் புரமோட்டர் பலத்தில் நிறைவேறியது என்ற பதிவு, நாளை தீர்ப்பாயத்தில் உங்கள் பக்கம் நிற்கும் காகிதம். முக்கியமான தொடர்புடைய தரப்பு பரிவர்த்தனைத் தீர்மானத்தை ஆதரித்துச் சம்பந்தப்பட்டவர்கள் ஓட்டுப் போடவே கூடாது. அங்கே சின்னவர்கள் சேர்ந்தால் உண்மையிலேயே தோற்கடிக்கலாம்.

படி 8: ஒன்று சேர்வது

10 சதவீத மூலதனம் வைத்திருப்பவர்கள் 100ஆம் பிரிவின் கீழ் சிறப்புக் கூட்டம் கூட்டச் சொல்லலாம். 21 நாளுக்குள் போர்டு அழைப்பு விடுத்து, 45 நாளுக்குள் கூட்டம் நடக்க வேண்டும். இல்லையேல் கேட்டவர்களே மூன்று மாதத்துக்குள் கூட்டலாம். அந்தக் கூட்டத்தில் சாதாரணத் தீர்மானத்தாலேயே டைரக்டரை நீக்க 169ஆம் பிரிவு வழிவிடுகிறது. ஜீ டிவி கம்பெனியில் இன்வெஸ்கோ என்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் இப்படிக் கேட்டபோது, 2022 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்ற அமர்வு கூட்டத்துக்கு இருந்த தடையை நீக்கியது. ஆனால் இன்வெஸ்கோ பெரிய கை. எழுபதாயிரம் பேரிடம் சிதறிக் கிடக்கும் ஷேரில் 10 சதவீதம் திரட்டுவது நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம் வேறு ஒன்று. 241ஆம் பிரிவின் கீழ் நிர்வாகச் சீர்கேடு என்று தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக 10 சதவீத மூலதனம் கட்டாயமில்லை. 100 உறுப்பினர் சேர்ந்தாலும் போதும். 245ஆம் பிரிவின் கூட்டு வழக்குக்கும் 100 பேர் போதும், அல்லது பட்டியலான கம்பெனியில் 2 சதவீதப் பங்கு. நூறு தலை சேர்ப்பது நம்மால் முடியும். தமிழ்நாட்டுக் கம்பெனி என்றால் சென்னை அமர்வு. வக்கீல் செலவை நூறாகப் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் தேதிக்கு மேல் தேதி போகும் என்பதைக் கையெழுத்து வாங்கும்போதே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

குரூப்பில் சேரும்போது இரண்டு எச்சரிக்கை. நிரூபிக்க முடியாததை எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் பாயும். "எல்லோரும் திங்கட்கிழமை வாங்குவோம், விலையை ஏற்றிவிட்டு வெளியேறுவோம்" என்று யாராவது சொன்னால் அந்தக் குரூப்பைவிட்டு அன்றே விலகுங்கள். செபியின் பார்வையில் நீங்களும் சூதாட்ட கும்பல்தான்.

படி 9: ஸ்கோர்ஸ்

செபியின் புகார்த் தளம். கம்பெனி 21 நாளுக்குள் நடவடிக்கை அறிக்கை தர வேண்டும், திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். "விலை இறங்கிவிட்டது", "நிர்வாகம் சரியில்லை" என்று எழுதினால் மூடிவிடுவார்கள். "இன்ன அறிவிப்பில் ஆர்டர் கொடுத்தவர் பெயர் இல்லை", "இன்ன காலாண்டு ரிசல்ட் 63 நாள் தாமதம்" என்று விதியோடு எழுதுங்கள். ஒரு புகாரில் ஒரு விஷயம்.

படி 10: வெளியேறுவது

இதைக் கடைசியில் வைத்திருந்தாலும், பல பேருக்கு இதுதான் முதல் படியாக இருக்க வேண்டும். படி 3இல் விடை கிடைக்காத கம்பெனியில் நியாயம் கிடைக்கும்வரை ஷேரைப் பிடித்திருக்கத் தேவையில்லை. சர்க்யூட் உடைந்து வாங்குபவர் வரும் முதல் நாளில் விற்றுவிடுங்கள், வாங்கிய விலையை மறந்துவிட்டு. கம்பெனி திவால் சட்டத்துக்குள் போனால் கடன்காரர்கள் முதலில், நீங்கள் கடைசி. 2021இல் திவாலான வீட்டுக்கடன் கம்பெனி டிஹெச்எஃப்எல்லைப் பிரமல் குழுமம் எடுத்தபோது ஷேர்ஹோல்டர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம், பட்டியலிலிருந்தும் ஷேர் நீக்கப்பட்டது.

விற்ற நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் கெடு தேதிக்குள் காட்டினால் எட்டு வருடம் முன்கொண்டு செல்லலாம். வாங்கி 12 மாதத்துக்குள் விற்றால் அது குறுகிய கால நஷ்டம், இரண்டு வகை மூலதன ஆதாயத்தோடும் கழித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் நீண்ட கால ஆதாயத்தோடு மட்டும்தான். வர்த்தகம் நிறுத்தப்பட்ட ஷேரில் அந்த வாய்ப்பும் இல்லை, விற்றால்தானே நஷ்டம்.

எல்லாவற்றையும் விற்காதீர்கள், ஒரு பத்து ஷேர் இருக்கட்டும். நான் பாரிமுனைக் கம்பெனியில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மதிப்பு ஒரு டீக்குக்கூடக் காணாது. ஆனால் வருடா வருடம் ஏஜிஎம் நோட்டீஸ் என் மின்னஞ்சலுக்கு வந்தாக வேண்டும், பேச்சாளராகப் பதிவு செய்ய எனக்கு உரிமை இருக்கிறது, அந்த 22 கோடிக் கேள்வியும் இன்னும் பாக்கி இருக்கிறது.